டீ ஆறுவதற்குள்

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அண்ணாச்சி ஒருவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். அங்கே மோடம் மாட்டியிருந்த பழைய மெஷினில், முன்பிருந்ததை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றியது நான்தான். பத்திரிகையோடு இலவசமாக வந்த, பெங்குவின் படம் போட்ட சிடி. ஒரே டெலிபோன் லைனில் வரும் இன்டர்நெட்டை எல்லா மெஷின்களுக்கும் அந்த மெஷின்தான் பங்கு வைத்துக் கொடுத்தது. காலேஜ் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். இந்தத் திருநெல்வேலியில் என் கை படக்கூடிய ஒரே லினக்ஸ் அதுதான்.

ஆனால் மெஷின் எழுந்து வர உயிரை எடுக்கும். அண்ணாச்சிக்கு அதை அளக்க டீதான் கணக்கு. சுவிட்சைப் போட்டதும் எதிர்க்கடையில் டீ சொல்லுவார். டீ வரும், ஆறும், குடித்துவிட்டுக் கிளாஸையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். திரையில் அதே வரி நிற்கும்: தபால் அனுப்பும் நிரல் தொடங்குகிறது.

“ஏலே, ஒம் பெங்குவின் இன்னும் ஒறங்குதா?”

“வந்திரும் அண்ணாச்சி.”

“இதத்தான் தெனமும் சொல்லுத. நாளைக்கு பிளஸ் டூ ரிசல்ட். ஊரே இங்கன வந்து நிக்கும். காலையில டீ ஆறுததுக்குள்ள எந்திரிக்கலைன்னா, இத அழிச்சிட்டு முன்ன இருந்த பழைய சிடியவே போட்டுருவேன், பாத்துக்கோ.”

சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. வேண்டாத டிரைவர் நிரல்களையெல்லாம் வெட்டிவிட்டு, லினக்ஸின் கருவான கெர்னலை மறுபடி கம்பைல் செய்ய விட்டேன். பாதியில் கரண்ட் போனது. திரும்பவும் முதலிலிருந்து. முடிந்ததும் ஆசையோடு எழுப்பினேன். அதே வரியில் நின்றது. பிரிண்டர் வேலையை நிறுத்தினேன். அதே வரி. கேட்க ஒரு ஆள் கிடையாது. இணையத்தில் லினக்ஸ்காரர்களின் மடற்குழுவுக்கு எழுதினால் பதில் வருவதற்குள் மெஷினில் லினக்ஸே இருக்காது. அழுகை முட்டியது.

கடையைச் சாத்த அண்ணாச்சி விளக்குமாற்றை எடுத்தபோதுதான் உறைத்தது. முதல் வாரம் இது இப்படி நிற்கவில்லையே. அப்போது இதற்குப் பெயர் கிடையாது!

சென்டரில் எல்லா மெஷினுக்கும் ஊர்ப்பெயர். சாத்தான்குளம், ராதாபுரம், களக்காடு என்று சீட்டு எழுதி ஒட்டியிருப்பார். என்னுடையதற்கு, “ஆத்துப் பேர வைலே” என்று தாமிரபரணியைக் கொடுத்தார். நானும் துள்ளிக் குதித்துப் பெயரை மாற்றினேன். அந்தப் பெயர் அதனுடையதுதான் என்று இன்னொரு ஃபைலில் எழுத வேண்டும்; அதை விட்டுவிட்டேன். பாவம், ஒவ்வொரு தடவை எழும்போதும் தாமிரபரணி யார் என்று வெளியே விசாரித்திருக்கிறது. போன் லைன் அப்போது இணைந்தே இருக்காது. பதில் வராத கேள்விக்கு அது காத்துக் கிடந்திருக்கிறது.

ஒரே ஒரு வரி சேர்த்தேன்.

“போதும்லே, பூட்டணும்.” மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். எழுப்பிப் பார்க்கவே விடவில்லை. ஒழுங்காக அணைக்காததால் காலையில் டிஸ்க் சோதனை வேறு ஓடும்.

காலையில் வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம். அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார், டீ சொன்னார். அவர் மடியில் பழைய சிடி. டிஸ்க் சோதனை ஊர்ந்தது. டீ வந்துவிட்டது. நான் கிளாஸையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். சோதனை முடிந்தது. தபால் வரி வந்தது.

நிற்கவில்லை. ஓடியது.

அண்ணாச்சி கிளாஸைத் தொட்டார். சுட்டிருக்க வேண்டும், விரலை உதறினார். சிடியை மேசை டிராயரில் போட்டு மூடினார்.

“என்னலே முழிக்க? லைனப் போடு. பிள்ளையெல்லாம் நிக்குதுல்லா.”

மோடம் கத்தத் தொடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பிள்ளையின் பரீட்சை நம்பரைக் கேட்டேன்.