உண்டியலில் போட்ட தம்பி

பி.எட். வகுப்பில் குழந்தை உளவியல் நடத்திய அம்மையார், "தான் நினைத்ததால்தான் ஒரு காரியம் நடந்தது என்று ஐந்து வயதுப் பிள்ளை நம்பும்" என்றபோது எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. அந்தப் பாடத்தை எழுபதுகளிலேயே, சங்கரன்கோவிலில், சரியாக ஐந்து வயதில் படித்து முடித்திருந்தேன்.

தம்பி பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் என்னை ஏனென்று கேட்க நாதியில்லை. எங்கள் ஊரில் கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பாம்பு, தேள், கை, கால் என்று தகட்டு உருவங்கள் வாங்கி உண்டியலில் போடுவார்கள். தம்பி நோய்நொடியில்லாமல் வளரவேண்டுமென்று அம்மா ஒரு பிள்ளை உருவம் வாங்கி, என் கையாலேயே போடச் சொன்னாள். உண்டியலில் போட்ட எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. 'இவனை நீயே வச்சிக்கோ' என்று மனசுக்குள் சொல்லி, மிகுந்த பக்தியோடு போட்டேன்.

மறுநாளே தம்பிக்குக் காய்ச்சல். மத்தியானம் கண் செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அம்மாவும் அப்பாவும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அம்மன் இவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது; அவன் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது. நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

என்னைப் பார்த்துக்கொள்ள, அடுத்த தெருவில் வாக்கப்பட்டிருந்த சித்தி வந்தாள். சோறு வேண்டாம் என்றேன்.

"ஏட்டி, என்ன செய்யுது?" என்று தலையைத் தடவியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நாந்தான் சித்தி தம்பிய அம்மனுக்குக் குடுத்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"நானும் அதே உண்டியல்ல அஞ்சு வருசமா பிள்ள உருவம் போடுதேன். மனசுல நெனச்சதெல்லாம் நடக்கும்னா எனக்கு எப்பமோ பிள்ள பொறந்திருக்குமே, மக்கா. நீ நெனச்சதுனால ஒண்ணும் வரல. காய்ச்சல் தானா வந்துது. சாப்பிடு."

இரண்டு நாளில் தம்பி தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மாவிடம் சித்தி கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை நினைத்தால் இன்றும் நன்றியில் கண் நிறைந்துவிடுகிறது. ஒரு சிறுபிள்ளையின் பயத்தைப் போக்க, யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத தன் துக்கத்தை எடுத்துச் சொன்னாள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருப்பேனா?

"ஒரு தடவகூட நடக்கலியா சித்தி?" என்று அன்று அந்தச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் ஆசையாகக் கேட்டேன்.

"ஒரு தடவகூட இல்ல."

எனக்குத் தாளாத சந்தோஷம். கைதட்டிச் சிரித்தேன். சித்தி சோற்றைப் பிசைந்து என் வாயில் ஊட்டினாள்.