அறுபதாம் கல்யாணத்து ஆசீர்வாதமும் என் பிரெஞ்சு டிஃபென்ஸும்

தஞ்சாவூரில் எங்கள் செஸ் கிளப்பில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. கிளப் அணியில் கடைசி இடம் அவருடையது. அதைப் பிடிக்க அவரை ஒரே ஒரு ஆட்டத்தில் ஜெயித்தால் போதும். அப்போது எனக்கு வேறு லட்சியமே கிடையாது. கறுப்புக் காய் வந்தால் அவர் எப்போதும் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்கிற தொடக்கத்தைத்தான் ஆடுவார். அதனால் குறுவை முழுக்க வரப்பில் நின்றபடி போனில் அதை உடைக்கும் வழிகளையே படித்தேன். என் வயல் நிரம்பித் தண்ணீர் பக்கத்து வயலுக்கு வழிந்தது. திட்டு வாங்கினேன், படிப்பை விடவில்லை.

ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தின புதன்கிழமை திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். கலசத் தண்ணீரில் நனைந்து, மாலையும் கழுத்துமாக மனைவியோடு உட்கார்ந்திருந்தார். காலில் விழுந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் ஜெயிக்கணும்னு வாழ்த்துங்கண்ணே."

"அப்படியே ஆகட்டும் தம்பி" என்று சிரித்துக்கொண்டே அட்சதை போட்டார். அண்ணி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு அண்ணியும் வந்துவிட்டார். "மாலையும் கழுத்துமா சொன்ன வாக்கு பொய்யாகக் கூடாதுங்க" என்று அண்ணனிடம் சொன்னது எனக்கே கேட்டது. எரிச்சலாக வந்தது. விட்டுக்கொடுத்த வெற்றி யாருக்கு வேண்டும்? நான் படித்ததை ஆடியாக வேண்டும்.

எனக்கு வெள்ளைக் காய். ராஜாவின் முன்னாலிருந்த சிப்பாயை நகர்த்தினேன். அவர் பிரெஞ்சு ஆடவில்லை. தன் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். நான் இன்னொரு சிப்பாயை எடுத்துவைத்தேன். அவர் அதற்கும் அடுத்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பார்த்த எந்த வீடியோவிலும் இது இல்லை. ஏதோ பெரிய சூழ்ச்சி என்று பயந்து நெடுநேரம் யோசித்தேன். கடைசியில் எதற்கு வம்பு என்று குதிரையை வெளியே எடுத்து, என் ராணி போகும் வழியை நானே அடைத்தேன்.

அண்ணன் கண்ணைத் திறந்து பலகையைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"நான் குடுத்துட்டேன். தம்பிதான் வாங்கிக்கலை."

"அப்ப நீங்க ஆடுங்க" என்றார் அண்ணி.

அதன்பிறகு அண்ணன் என் காய்களை மளமளவென்று வாரினார். தோற்றுக் கைகொடுத்தபோது அவரே பலகையில் அடுக்கிக் காட்டினார். அந்தக் குதிரைக்குப் பதில் ராணியை ஓரத்துக்கு அனுப்பியிருந்தால் அங்கேயே மேட், நான் ஜெயித்திருப்பேன். அணியில் என் இடம் அந்தக் கட்டத்தில் காலியாகக் கிடந்திருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அது பிரெஞ்சு டிஃபென்ஸ் இல்லையேண்ணே" என்றேன்.