மூன்று நாள் வைரம்

மாதுங்காவில் எங்கள் பில்டிங்குக்கு வந்துபோன வைரத் தரகர் மெலிந்த மனிதர். எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைதான். கல்லைக் காட்டுமுன் அதன்மேல் ஒருதரம் ஊதுவார், என்னவோ சூடான காபியை ஆற்றுகிற மாதிரி.

"தோட்டுக்கு ராசியான கல்லு, மாமி. மூணு நாள் ஸ்வாமி அலமாரியில வெச்சுப் பாருங்கோ. கெட்டது ஒண்ணும் நடக்கலைன்னா பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்துக்கலாம்" என்றார் என் மனைவியிடம்.

"நடந்துட்டா அந்தக் கல்லை என்ன பண்ணுவேள்?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கு ஆகாதது இன்னொருத்தருக்கு ஆகும், ஸார்."

வைரமும் கரியும் ஒன்றுதான், அடுப்புக்கரியையும் அலமாரியில் வைத்துப் பார்ப்போமே என்று மூன்று நாளும் வீட்டில் கேலி பேசினேன். மூன்றாம் நாள் மாலை பெண் ஸ்டேஷன் படியில் வழுக்கி, கணுக்கால் சுளுக்கிக்கொண்டு நொண்டி வந்தாள். மழைநாள், ஈரப்படி. யாராயிருந்தாலும் வழுக்கும். ஆனால் தரகர் வந்ததும், மனைவி வாயைத் திறக்குமுன் கல்லிருந்த பொட்டலத்தை அவர் கையில் திணித்தது நான்தான்.

அவர் காரணம் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, கல்லின்மேல் ஒருதரம் ஊதி, மறுபடி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, எதிர் ஃப்ளாட்டின் மணியை அழுத்தினார். கதவைச் சாத்திய பிறகும் எனக்குக் கேட்டது.

"தோட்டுக்கு ராசியான கல்லு, மாமி."