நீலச் சுவரில் ஓர் ஆணி

அன்புக்கரசியும் நானும் பேகம்பூர்ப் பக்கம் ஒரே காம்பவுண்டில் பதினாறு வருஷம் வாடகைக்குக் குடியிருந்தோம். எங்கள் ஓனரம்மாவுக்கு ஒரே சட்டம்தான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்கவிட வேண்டும். அன்புவின் மாமியார் பேச்சாயி இறந்தபோது, போட்டோ மாட்ட ஒரே ஒரு ஆணிக்கு அனுமதி கேட்டு அவள் புருஷன் மூக்கையா போய் நின்றார்.

"அடுத்த மாசம் பாக்கலாம்" என்றது அந்த அம்மா.

"சரிங்கம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார். அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. ஒன்பது வருஷம் பேச்சாயி பழைய சேலைக்குள் பரணில் படுத்துக் கிடந்தார்.

அன்பு பல்லைக் கடிப்பாள். "சொந்த வீடு மட்டும் கட்டுறேன் சபிஹாக்கா, சுவரு பூரா ஆணியா அடிக்கிறேன்!"

போன வருஷம் அகரம் போகும் வழியில் கட்டியும்விட்டார்கள். அவள் மில்லில் உழைத்ததும் அவர் ஆட்டோ ஓட்டியதும் சேர்ந்துதான் அந்த வீடு. ஹாலுக்கு என்ன கலர் என்ற பேச்சு வந்தபோதுதான் அவளுக்குப் பித்துப் பிடித்தது. போனில் எதையோ பார்த்துவிட்டு, கருநீலம்தான் வேண்டும் என்று நின்றாள்.

"இருட்டடிச்சிரும்க்கா. க்ரீம் அடிங்க" என்று பெயிண்டர் இனிகோ கெஞ்சினான். கேட்டால்தானே! ஈரத்தில் வெளிறித் தெரிகிறதென்று இன்னும் கொஞ்சம் கறுப்பு கலக்கச் சொன்னாள். காய்ந்த பிறகு பார்த்தால், பட்டப்பகலில் ட்யூப்லைட் போட்டால்தான் சோபா இருக்கும் இடமே தெரிகிறது.

அவளுக்கு மட்டும் அது அரண்மனை. நான் பார்க்கப் போன அன்று சோபாவில் லேசாகச் சாய்ந்தேன். "அக்கா, தலைய எடுங்க, எண்ணெய் ஒட்டிரும். சுவத்துல படக் கூடாது" என்றாள். பதினாறு வருஷம் கேட்ட அதே ஓனரம்மா குரல்! எனக்கு வந்த கோபத்துக்கு டீயைக் குடிக்காமல் எழுந்து வந்திருக்க வேண்டும். ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தாள், குடித்துத் தொலைத்தேன்.

மறுநாள் பேச்சாயிக்குத் திதி; கூப்பிட்டிருந்தார்கள், நானும் போயிருந்தேன். மூக்கையா போட்டோவைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். இன்னொரு கையில் சுத்தியல்.

"அன்பு, எங்காத்தாவ இங்கன மாட்டிருவமா?"

அவள் சுவரைப் பார்த்தாள். "இப்பத்தான பெயிண்ட் காஞ்சிருக்கு? அடுத்த மாசம் பாக்கலாம்."

மூக்கையா சண்டை போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்கம்மா" என்றார்.

வேண்டுமென்றே சொன்னாரா, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டதா, அல்லாவுக்குத்தான் தெரியும். அன்புவின் முகம் செத்துப்போய்விட்டது.

"செத்த நில்லுங்க" என்று சுத்தியலைப் பிடுங்கினாள். ஸ்டூலில் ஏறி, சுவரின் நட்டநடுவில் அவளே அடித்தாள். ஒரு ரூபாய் அகலத்துக்கு நீலம் பெயர்ந்து விழுந்தது. "அய்யோ, என் சுவரு!" என்று அழுதுகொண்டேதான் மாமியாரை மாட்டினாள்.

உயிரோடு இருந்தவரை மருமகள் வைத்த குழம்பை ஒருநாளும் மெச்சாத பேச்சாயி, வெள்ளைச் சேலையில் அந்த நீலத்துக்கு நடுவே பளிச்சென்று இருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம், "ஆத்தா போட்டோ அம்புட்டு எடுப்பா இருக்கே!" என்கிறார்கள். சுவரைப் பற்றி இதுவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.