சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினேன்

கணவர் காலமான பிறகு சித்தூர் வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். தெருவுக்கு எலெக்ட்ரிக் வந்த புதிதில், அவர் தம் நாற்காலிக்கு மேலே சுவரில் ஒரே ஒரு பல்பு போட வைத்தார். அவர் போன பிறகு சுவிட்சைப் போட்டால் அந்தக் காலி நாற்காலிதான் பளிச்சென்று தெரிந்தது. அதே சுவிட்சிலிருந்து ஒயரை இழுத்து, விளக்கைக் கூரை நடுவில் மாட்ட நினைத்தேன். ஒயர்மேனைக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி ஒயரைத் தொட்டேன். ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. யாராவது வருவார்களென்று நாற்காலியின் காலடியிலேயே கிடந்தேன். ஒருவரும் வரவில்லை. நானேதான் எழுந்தேன்.

மறுநாள் நான் கூப்பிட்டு வந்த ஒயர்மேன், "சுவிச்சைத் தப்பான கம்பியில வெச்சிக்கீறாங்கம்மா. அணைச்சாலும் விளக்காண்ட கரண்டு இருந்துக்கினேதான் இருக்கும்" என்று சொல்லி, அதைச் சரிசெய்து விளக்கையும் கூரையில் மாட்டினார்.

"ஒரு குரல் குடுத்திருந்தா ஓடியாந்திருப்பேனே, அக்கா!" என்றாள் பக்கத்து வீட்டு மங்கம்மா.

இப்போதெல்லாம் விளக்கில் கை வைக்குமுன் மெயின் பியூஸைப் பிடுங்கிவிடுகிறேன். "மங்கம்மா, ஸ்டூல் மேல ஏறுறேன்!" என்று குரலும் கொடுக்கிறேன். "பாத்து ஏறுக்கா" என்பாள். சில சாயங்காலங்களில் ஸ்டூலைத் தொடாமலேயே குரல் கொடுக்கிறேன்.