அழுகையைக் கழித்த பாட்டு

பிள்ளைகளே, நம் தோட்டத்து மேல் லயத்து வரிசைவீட்டுப் பெரியவர் செத்த அன்று உங்கள் அம்மா ஏன் ஒப்பாரி வைக்கவில்லை என்று அப்பாவிடம் கேட்டீர்கள். அவளுக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். அது உண்மை இல்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

உங்கள் பெரியம்மா போனது ஞாபகம் இருக்கும். அவளும் அம்மாவும் சின்ன வயதிலிருந்தே ஒரே மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். தலைமாட்டில் உட்கார்ந்து, "தனியா எப்படி மலையேறுவேன் அக்கா" என்று அம்மா பாடியபோது, பந்தல் கட்டிக்கொண்டிருந்த ஆம்பளைகள் நாங்கள் கயிற்றை விட்டுவிட்டு நின்றோம். அது யாரும் சொல்லிக்கொடுத்த வரி இல்லை. அந்த நேரத்தில் அவள் வாயில் வந்தது.

என் தங்கச்சி மகன் கொழும்பில் டீஜே. எழவுக்கு வந்தவன் அதைப் போனில் பிடித்துக்கொண்டு போனது எங்களுக்குத் தெரியாது.

பிறகு பசறையில் நம் சொந்தத்தில் நடந்த அந்தக் கல்யாணம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவன் பாட்டைத் திறந்துவிட்டான். நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ உலக்கை போடுவது போலத் தாள அடி. நீங்கள் இரண்டு பேரும் முன்னால் நின்று ஆடினீர்கள். திடீரென்று அடி நின்றது. ஒரு பொம்பளைக் குரல் மட்டும், "தனியா எப்படி மலையேறுவேன்." மறுபடியும் அதே வரி. மறுபடியும். வேகம் கூடிக்கொண்டே போய், அடி திரும்ப விழுந்ததும் மண்டபமே குதித்தது. "அக்கா"வை வெட்டிவிட்டிருந்தான். குரலையும் மெலிதாக்கியிருந்தான், அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. ஐஸ்கிரீம் கோப்பையை உட்கார்ந்திருந்த கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள்.

அவனும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"எப்பிடி மாமி? எல்ல டவுனுக்குச் சுத்திப்பாக்க வர்ற வெள்ளைக்காரங்க இதுக்குத்தான் ஆடுறாங்க. திரும்பப் போடு, திரும்பப் போடுன்னு ஒரே ரகளை."

"அது எங்கக்காவுக்குப் பாடுனதுடா."

"தெரியும் மாமி. அதான் அழுகையெல்லாம் கழிச்சிட்டேன். கம்ப்யூட்டர்ல செய்யலாம். மூக்கு உறிஞ்சுற சத்தம்கூட இல்ல, கவனிச்சீங்களா?"

அவன் கேலி பண்ணவில்லை. அம்மாவுக்குப் பெருமை தேடித் தந்ததாகவே நினைத்தான்.

"அழுகைய எடுத்துட்டா அதுல நான் எங்கடா இருக்கேன்?"

அவன் என்னைப் பார்த்தான். "என்ன மாமா, மாமி இப்பிடிப் பேசுறாங்க? இனிமே எல்லாம் இந்த மாதிரிதான். வெளிநாட்டுச் சரக்கையே எத்தனை நாளைக்குப் போடுறது? நம்ம ஊரு குரல் வேணும்னு கேக்குறாங்க. அடுத்து ஒரு தாலாட்டு தேடிக்கிட்டிருக்கேன்."

பிள்ளைகளே, ஆடுவதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. கல்யாணத்தில் ஆடாமல் வேறு எங்கே ஆடுவது? ஆனால் அந்த ஆட்டக்காரர்களுக்கு நம் குரல் வேண்டும், குரலுக்குரிய ஆள் வேண்டாம். அவள் வீட்டு எழவு வேண்டவே வேண்டாம். இதுதான் எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை.

பெரியவர் செத்த அன்று மேல் லயத்தில் பொம்பளைகள் எல்லாரும் அம்மா முகத்தையே பார்த்தார்கள். அவள் ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் சேர்வார்கள். அம்மா வாசலில் நின்ற இளவட்டங்களைப் பார்த்து, "போனையெல்லாம் உள்ள வைங்கடா" என்றாள்.

"வச்சாச்சு அத்தை, வச்சாச்சு. நாங்க என்ன சிஐடியா?" என்று சிரித்தபடி காற்சட்டைப் பைக்குள் போட்டார்கள்.

அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "பைக்குள்ள இருந்தா அதுக்குக் காது கேக்காதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பெரியவரைப் பாட்டில்லாமல்தான் தூக்கினோம்.