கைப்பிடி அரிசியில் முடிந்த ஆய்வேடு

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். ஆனால் நான் கேட்ட விதமாக அல்ல. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

போன வருஷம் ஜூன் மாதம் என் ஆராய்ச்சி உதவித்தொகை முடிந்துபோனது. தாமிரபரணியின் அடிமண்ணில் என்னென்ன உலோகங்கள் படிகின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மண் எல்லாம் சேகரித்தாகிவிட்டது. பரிசோதனைக் கட்டணம் கட்ட வழியில்லை. களக்காட்டில் அப்பாவின் வாழைத்தோட்டத்தைக் காற்று சாய்த்திருந்தது. காலையும் மாலையும் டியூஷன் எடுத்தேன். எழுத நேரமே இல்லை. மார்ச்சுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்தாகிவிடும்.

நான் எதையும் வரிசைப்படுத்தியே செய்கிறவள். ஜெபமும் அப்படித்தான். ஒன்று, உதவித்தொகை நீள வேண்டும். இரண்டு, கட்டணம் குறைய வேண்டும். மூன்று, கெடு தள்ளிப்போக வேண்டும். மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அழுதேன். ஏன் மூன்று கதவும் அடைபட்டன என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

ஆகஸ்டில், இனி ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க முடியாது என்று சொல்ல, எங்கள் போதகரின் மனைவி ஐயரம்மாவிடம் போனேன். "ஏன்ம்மா? பைய சொல்லு" என்றார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

எங்கள் சபைப் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியே எடுத்துவைப்பார்கள். மாதக் கூட்டத்தில் அதை விற்று மிஷனெரிகளுக்கு அனுப்புவார்கள். அந்த மாதக் கூட்டத்தில் ஐயரம்மா அதை எனக்காகக் கேட்டார்கள். கடைசி வரிசையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தேன்.

"இது ஊழியத்துக்கு எடுத்த அரிசில்லா?" என்றார் எஸ்தர் அக்கா.

"ஏளா, அந்த ஆத்துத் தண்ணியக் குடிச்சிட்டுதான நீ ஊழியம் செய்யுத?" என்றார்கள் ஐயரம்மா. எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

எஸ்தர் அக்கா அசரவில்லை. "சரி, குடுப்போம். ஆனா மிஷனெரிமாரு மாசாமாசம் கடிதாசி எழுதுதாவ. இந்தப் பிள்ளையும் வந்து என்ன செய்யுதான்னு சொல்லட்டும்."

மாதாமாதம் வந்த அந்த அரிசிப் பணத்தில் கட்டணம் கட்டினேன். டியூஷனைப் பாதியாகக் குறைத்தேன். மாதக் கூட்டத்தில் என் வரைபடங்களைக் காட்டினேன். எஸ்தர் அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும். எங்க படித்துறையில எம்பிள்ளைய எறக்கலாமா, கூடாதா?" என்றார்.

எல்லா இடத்தையும் அளந்திருந்தேன். மனிதர்கள் இறங்கும் இடங்களுக்கு அந்த அளவுகள் என்ன சொல்கின்றன என்று யோசித்ததே இல்லை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அந்தக் கேள்விதான். அதை மாதந்தோறும் அவர்களிடம் சொல்லிச் சொல்லியே எழுதினேன். பிப்ரவரியில் சமர்ப்பித்தேன். வாய்மொழித் தேர்வில் அதிகம் பேசப்பட்டதும் அந்த அத்தியாயமே.

நான் கேட்ட மூன்றில் ஒன்று கிடைத்திருந்தாலும் தனியாக அறைக்குள் உட்கார்ந்து முடித்திருப்பேன். அந்த அத்தியாயம் வந்திருக்காது. இதை நிரூபிக்க என்னிடம் வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வாழ்க்கை இல்லை. ஆனாலும் விசுவாசிக்கிறேன். இப்போது ஜெபத்தில் தேவையைச் சொல்கிறேன், வழியைச் சொல்வதில்லை.

படிப்பைப் பாதியில் விட நினைக்கிற தம்பி தங்கைகளே, ஆண்டவரிடம் சொல்லுங்கள். வெட்கப்படாமல் சபையிலும் சொல்லுங்கள். கொடுப்பார்கள். என்ன படிக்கிறாய் என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்வியையும் ஆண்டவர் அனுப்பியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.